புத்தகத்தை மூடு, பிறகு வரை



பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கிள்ளானிலிருந்து ஒரு தங்கை வந்துகொண்டிருந்தாள். படிவம் 5 மாணவி. காலையில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலை வழியாக நடந்தே வந்துவிடுவாள். கையில் எப்போதும் ஒரு நீலக் கோப்பு இருக்கும். அதைத் திறந்தால் கண்ணுக்கு விருந்துதான். செஜாரா பாடத்துக்கு மட்டும் 14 மன வரைபடங்கள். நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள், கிளைக்கு ஒரு நிறம், ஓரத்தில் குட்டிக் குட்டிப் படங்கள். மற்ற பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வார்கள். நானும் அந்தக் கோப்பைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இப்படித்தான் படிக்கணும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

பெர்சுபாஆன் சோதனையில் அவளுக்குச் செஜாராவில் 'ஜி' வந்தது. தோல்வி.

இது சின்ன விசயம் இல்லை. 2013 முதல், எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க வேண்டுமென்றால் மலாய்மொழியில் மட்டுமல்ல, வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். மற்ற பாடங்களில் எத்தனை 'ஏ' வாங்கினாலும் இதில் தவறினால் சான்றிதழ் இல்லை. அந்தத் தங்கைக்குத் தாதியர் பயிற்சிக்குப் போக ஆசை. அப்பா லாரி ஓட்டுகிறார், அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். இன்னொரு வருசம் உட்கார்ந்து படிக்க வீட்டில் வசதி இல்லை.

அன்று வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். "அண்ணா, நான் எல்லாத்தையும் வரைஞ்சேன். ஆனா மண்டபத்துல உட்கார்ந்ததும் கலர்தான் ஞாபகத்துக்கு வருது. எழுத்து வரல" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த நீலக் கோப்பு நான் சொல்லிக்கொடுத்தது. தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. அந்தத் தப்பு என்ன, அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் சொல்லப்போகிறேன்.

படம் ஏன் உதவுகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரைபடம் போட்டுப் படிப்பது நல்ல வழிதான். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நம் மனத்தின் மேசை ரொம்பச் சின்னது. ஒரே நேரத்தில் மனத்தில் எத்தனை துண்டுச் செய்திகளை வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பற்றி ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-இல் எழுதினார். ஏழு, கூடக் குறைய இரண்டு என்றார். 2001-இல் நெல்சன் கோவன் என்பவர் அதை இன்னும் குறைத்து, ஏறக்குறைய நான்குதான் என்றார். எனவே நிறையச் செய்திகளை நினைவில் வைக்க ஒரே வழி, அவற்றைச் சில கட்டுகளாகக் கட்டுவது.

நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருமுறைப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளிடம், "பன்னிரு திருமுறையும் யார் யார் பாடியது?" என்று கேட்டால் பாதியில் நின்றுவிடுவார்கள். பன்னிரண்டு என்பது மேசைக்கு அதிகம். இப்போது அதை மரமாக வரையுங்கள். அடிமரம், பன்னிரு திருமுறை. அதிலிருந்து ஐந்து கிளைகள். முதல் கிளை தேவாரம்: அதில் 1, 2, 3 சம்பந்தர், 4, 5, 6 அப்பர், 7 சுந்தரர். இரண்டாம் கிளையில் 8-ஆம் திருமுறை மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும், 9-ஆம் திருமுறை ஒன்பது பேர் பாடிய திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும். மூன்றாம் கிளை 10, திருமூலரின் திருமந்திரம். நான்காம் கிளை 11, பன்னிரண்டு பேர் பாடல்களின் தொகுப்பு. ஐந்தாம் கிளை 12, சேக்கிழாரின் பெரியபுராணம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கும் இருக்கிறது. 3, 1, 9, 1, 12, 1 என்று கூட்டுங்கள். 27 வரும். திருமுறை ஆசிரியர்கள் 27 பேர் என்று பெரியவர்கள் சொல்வது இதுதான். பட்டியலாக மனப்பாடம் செய்தவனுக்கு ஒன்று விட்டுப்போனால் தெரியாது. மரம் வரைந்தவனுக்குக் கிளை மொட்டையாக இருப்பது கண்ணிலேயே தெரியும்.

இரண்டாம் காரணம், சொல்லுக்கு ஒரு வழி, படத்துக்கு ஒரு வழி. ஆலன் பைவியோ என்ற கனடா நாட்டு உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஒரு செய்தி சொல்லாகவும் படமாகவும் பதிந்தால், ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழியில் போய் அதை எடுத்துவிடலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அதைப் படமாக வரைந்தவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. வரைந்த படம் அழகாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. குச்சி மனிதன் போதும்.

மூன்றாம் காரணம்தான் முக்கியமானது. படம் போடும்போது எதை விடுவது என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். கொமுட்டர் ரயில் கதவுக்கு மேலே இருக்கும் தடப் படத்தைப் பாருங்கள். சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், கிள்ளான் என்று நேர்கோட்டில் இருக்கும். உண்மையில் தண்டவாளம் அப்படி நேராகப் போவதில்லை. நிலையங்களுக்கு இடையே உள்ள தூரமும் ஒரே அளவு இல்லை. ஆனால் பயணிக்கு அது தேவையில்லை. எதற்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும், இவ்வளவுதான் தேவை. ஹாரி பெக் என்பவர் லண்டன் சுரங்க ரயிலுக்கு இப்படி வரைந்த படம் 1933-இல் வெளிவந்தது. இன்று உலகம் முழுவதும் ரயில் படங்கள் அந்த வழியில்தான் வரையப்படுகின்றன. பாடத்துக்கு வரைபடம் போடுவதும் அதே வேலைதான். பக்கத்தில் இருப்பதையெல்லாம் அள்ளிப் போட்டால் அது வரைபடம் இல்லை, வட்டமாக எழுதிய பாடப்புத்தகம்.

நம்மிடம் ஏற்கெனவே இருந்தது

'மைண்ட் மேப்' என்ற பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்தின் டோனி புசான். 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரும் அதையொட்டிய நூலும் வந்த பிறகு அது பிரபலமானது. ஆனால் செய்தியை வடிவத்தில் கட்டி நினைவில் வைக்கும் பழக்கம் நமக்குப் புதிது இல்லை.

வேதம் ஓதுபவர்கள் சொற்களை நேராக மட்டும் ஓதிப் பழகுவதில்லை. கிரம பாடத்தில் 1-2, 2-3, 3-4 என்று இணைத்து ஓதுவார்கள். ஜடா பாடத்தில் 1-2, 2-1, 1-2. கன பாடத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று பின்னிக்கொண்டு போகும். ஒரு சொல் இடம் மாறினால் பின்னல் அவிழ்ந்துவிடும், உடனே தெரிந்துவிடும். எழுத்தில் இல்லாமல் இவ்வளவு காலம் காப்பாற்றிய இந்த மரபை யுனெஸ்கோ 2003-இல் மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

தமிழில் இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் எடுத்துக்காட்டு திருவெழுகூற்றிருக்கை. சீர்காழியைப் பற்றிச் சம்பந்தர் பாடியது முதல் திருமுறையில் இருக்கிறது. குடந்தைப் பெருமாள் மேல் திருமங்கையாழ்வார் ஒன்று பாடினார். சுவாமிமலை முருகன் மேல் அருணகிரிநாதர் ஒன்று பாடினார். பாட்டுக்குள் எண்கள் 1, பிறகு 1-2-1, பிறகு 1-2-3-2-1 என்று ஏழு வரை படிப்படியாக ஏறி இறங்கும். கட்டம் போட்டு எழுதினால் தேர் வடிவம் வரும். அதனால்தான் இதை ரத பந்தம் என்கிறோம். பாட்டே வரைபடம், வரைபடமே பாட்டு.

இந்த இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. கன பாடம் ஓதுபவர் ஏட்டைப் பார்த்து ஓதுவதில்லை. வடிவம் மனத்துக்குள் இருக்கிறது. அதைத் தினமும் உள்ளிருந்து வெளியே எடுக்கிறார். இந்த இடத்தைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

என் பிழை எங்கே இருந்தது?

அந்தத் தங்கை எப்படி வரைந்தாள் என்று பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கம் பாடப்புத்தகம் திறந்திருக்கும். இடது பக்கம் தாள். கண் புத்தகத்துக்குப் போகும், கை தாளில் எழுதும். ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம். அதில் பாதி நேரம் நிறம் தீட்டுவதில் போயிற்று. முடித்ததும் கோப்பில் வைத்துவிடுவாள். அவள் மனம் ஒரு தடவைகூட அந்தச் செய்தியைத் தானாகத் தேடி எடுக்கவில்லை. சோதனை மண்டபத்தில் கேட்கிற வேலையோ அது ஒன்றுதான்.

இதைப் பற்றி அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்பிக்கும் ஜனெல் பிளண்ட்டும் செய்த ஆய்வு 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மாணவர்களுக்கு ஓர் அறிவியல் கட்டுரை கொடுத்தார்கள். ஒரு குழு கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் போட்டது. இன்னொரு குழு படித்துவிட்டு, கட்டுரையை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதியது. மறுபடி படித்து, மறுபடி மூடி எழுதியது. ஒரு வாரம் கழித்துச் சோதனை வைத்தார்கள். மூடி எழுதிய குழுதான் தெளிவாக முன்னே நின்றது. கடைசிச் சோதனையே வரைபடம் போடுவதாக இருந்தபோதும், மூடி எழுதிப் பழகியவர்களே நன்றாகப் போட்டார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், எவ்வளவு நினைவிருக்கும் என்று சோதனைக்கு முன்பே மாணவர்களைக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நினைத்தார்கள். மூடி எழுதியவர்கள்தான் மிகக் குறைவாக எதிர்பார்த்தார்கள். காரணம் புரிகிறதா? புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கும். மூடினால்தான் ஒன்றும் தெரியவில்லையே என்று வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்துக்குப் பயந்து நாம் நிறம் தீட்டப் போய்விடுகிறோம்.

அப்படியென்றால் வரைபடத்தையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அதே இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வரைபடத்தைக் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து போட வைத்தார்கள். அப்போது அதுவும் மூடி எழுதுவதைப் போலவே நல்ல பலன் கொடுத்தது. ஆக, குற்றம் படத்தில் இல்லை, திறந்திருந்த புத்தகத்தில்தான்.

எந்தச் செய்திக்கு எந்தப் படம்?

நீங்கள் பள்ளியில் 'ஐ-திங்க்' வரைபடங்கள் போட்டிருப்பீர்கள். அமெரிக்கரான டேவிட் ஹயர்லே உருவாக்கிய எட்டு வகைகள் அவை. நம் கல்வி அமைச்சு 2012 முதல் பள்ளிகளில் கொண்டுவந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு வட்டம், குமிழி, இரட்டிப்புக் குமிழி, மரம், இணைப்பு, நிரலொழுங்கு, பல்நிலை நிரலொழுங்கு, பாலம் என்ற பெயர்கள் நினைவிருக்கும். பெயரை மனப்பாடம் செய்ததோடு பலர் நிறுத்திவிட்டோம். கேள்வியைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும்.

வகை பிரிக்கச் சொன்னால் மரம். மேலே பார்த்த பன்னிரு திருமுறை அப்படித்தான். ஒற்றுமை வேற்றுமை கேட்டால் இரட்டிப்புக் குமிழி. ஒரு பொருளின் தன்மைகளைச் சொல்லக் குமிழி. முழுப்பொருளும் அதன் பாகங்களும் என்றால் இணைப்பு. இவை எளிது. பிள்ளைகள் தடுமாறுவது நிரலொழுங்கிலும் பல்நிலை நிரலொழுங்கிலும்தான். இரண்டுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

நிரலொழுங்கு என்பது இது நடந்தது, அடுத்து இது நடந்தது என்ற வரிசை. நாம் வகுப்பு நடத்தும் இந்தப் பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். முதல் கட்டம்: 1881-இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் வந்து மரமும் அத்தாப்புமாக இருந்த வீடுகள் அழிந்தன. இரண்டாம் கட்டம்: சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார். மூன்றாம் கட்டம்: செங்கல் சூளைகள் இந்தப் பகுதியில் வந்தன, ஊருக்குப் பெயரும் வந்தது. நான்காம் கட்டம்: 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ஐந்தாம் கட்டம்: ரயில்வே வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம்மவர்கள் வந்து குடியேறினார்கள். ஆறாம் கட்டம்: 1904-இல் விவேகானந்த ஆசிரமம் உருவானது. ஆறு கட்டம், ஐந்து அம்புக்குறி. ஒவ்வோர் அம்புக்குறியின் மேலும் 'அதனால்' என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் வரிசை சரி. சொல்ல முடியாத இடத்தில் உங்களுக்கு ஏதோ ஒரு செய்தி தெரியவில்லை என்று அர்த்தம்.

பல்நிலை நிரலொழுங்கு காரணமும் விளைவும் கேட்கும் கேள்விக்கு. நடுவில் ஒரு பெட்டி: மலாயன் யூனியனுக்கு எதிர்ப்பு. இடது பக்கம் காரணங்கள். ஒன்று, 1945 கடைசியில் ஹெரால்ட் மெக்மைக்கேல் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கிய முறை. இரண்டு, சுல்தான்களின் அதிகாரம் குறைக்கப்பட்டது. மூன்று, பிறப்புரிமைப்படி எளிதாகக் குடியுரிமை கொடுக்கும் திட்டம். வலது பக்கம் விளைவுகள். ஒன்று, 1946 மே 11-இல் அம்னோ தோன்றியது. இரண்டு, 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கிய மலாயன் யூனியன் இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. மூன்று, 1948 பிப்ரவரி 1-இல் மலாயா கூட்டரசு வந்தது. இடம் இருந்தால் கீழே ஒரு கேள்வியும் எழுதுங்கள்: "அப்போது நம்மவர் எங்கே இருந்தார்கள்?" 1946 ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் ம.இ.கா. தொடங்கியதும், 1947 அக்டோபர் 20-இல் நாடு முழுவதும் நடந்த ஹர்த்தாலும் அந்தக் கேள்விக்குள் வரும். தானாகக் கேட்ட கேள்விக்குத் தேடிப்பிடித்த பதில் லேசில் மறக்காது.

மூடி வரையும் முறை

நாங்கள் வகுப்பில் இப்போது செய்வது இதுதான்.

1. ஒரு பாடத்தில் நான்கைந்து பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். அடிக்கோடு, ஹைலைட்டர் எதுவும் வேண்டாம்.

2. புத்தகத்தை மூடுங்கள். மூடினால் மட்டும் போதாது, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கைப்பேசியும் அங்கேயே இருக்கட்டும்.

3. வெறும் தாளில் ஒரே நிறப் பேனாவால் வரைபடம் போடுங்கள். 10 நிமிடம் போதும். கிளைக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். முழு வாக்கியம் எழுதாதீர்கள். நினைவு வராத இடத்தில் கிளையை வரைந்து வெறுமையாக விடுங்கள்.

4. அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். இதுதான் கஷ்டமான இடம். கை புத்தகத்துக்குப் போகப் பார்க்கும். போக விடாதீர்கள். தேடிப் பார்த்து, கிடைக்காமல், பிறகு பதிலைப் பார்ப்பது வேறு. தேடாமலே பார்ப்பது வேறு.

5. இப்போது புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாகப் போட்டதையும் சிவப்புப் பேனாவால் சரிசெய்யுங்கள். நிறத்துக்கு இங்கேதான் வேலை. நீலம் எனக்குத் தெரிந்தது, சிவப்பு எனக்குத் தெரியாதது. நிறத்துக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

6. அந்தத் தாளைக் கோப்பில் பத்திரப்படுத்தாதீர்கள். மறுநாள் புதுத் தாள் எடுத்து, பழையதைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். பிறகு மூன்று நாள் கழித்து. பிறகு ஒரு வாரம் கழித்து. கற்றது முதல் நாளிலேயே வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதிவிட்டார். மறக்கப்போகிற நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அது உட்கார்ந்துவிடும்.

7. கடைசியாக, படத்தைப் பார்த்து அம்மாவுக்கோ தம்பிக்கோ வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளைக்கும் கிளைக்கும் நடுவில் இருக்கும் வாக்கியங்கள் அப்போதுதான் வாயில் வரும். சோதனையில் படம் கேட்கமாட்டார்கள், வாக்கியம்தான் கேட்பார்கள்.

குழுவாகப் படிப்பவர்கள் இதையே மாஜோங் தாளில் செய்யலாம். ஒருவர் நடுப்பெட்டி போடட்டும், மற்றவர்கள் சுற்றிவந்து ஆளுக்கு ஒரு கிளை போடட்டும். ஒரே விதி, யாரும் புத்தகத்தைத் திறக்கக்கூடாது. பிறகு மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டே சிவப்புப் பேனா வேலையைச் செய்யலாம்.

கோயில் நடை

வரிசையாக நினைவில் வைக்க வேண்டிய பட்டியல்களுக்கு இன்னொரு வழி உண்டு. பழங்கால கிரேக்கரும் ரோமானியரும் தெரிந்த கட்டடத்தை மனத்தில் நடந்து பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு செய்தியை வைப்பார்கள். நமக்குக் கட்டடம் தேட வேண்டியதே இல்லை. சின்ன வயசிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சுற்றிவருகிற கோயில் இருக்கிறது.

கண்ணை மூடுங்கள். ராஜகோபுரம். உள்ளே கொடிமரம், பலிபீடம், நந்தி. துவாரபாலகர், கருவறை. வெளியே வந்து பிரகாரத்தில் வலமாக: தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா, துர்க்கை, சண்டிகேசுவரர். பிறகு நவக்கிரகம், பைரவர். சிவன் கோயில் என்றால் இந்த வரிசை ஏறக்குறைய மாறாது; முருகன் கோயில் என்றால் நந்தி இருக்கும் இடத்தில் மயில் இருக்கும். உங்கள் கோயிலில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள், பத்துக்கு மேல் இடங்கள் கிடைத்துவிட்டன.

"சாமி இருக்கிற இடத்துல பாடத்தை வைக்கலாமா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. நான் சொன்னது இதுதான்: "சந்நிதிக்குள்ள வைக்க மனசு வரலன்னா தூணில வை, படியில வை. ஆனா பாடத்தோட கோயிலைச் சுத்தி வர்றதை எந்தச் சாமியும் கோவிச்சுக்காது."

ஏழு வாரம்

அந்தத் தங்கைக்கு எஸ்.பி.எம். வர ஏழு வாரம் இருந்தது. நீலக் கோப்பை நான் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது. எத்தனை இரவு உட்கார்ந்து வரைந்திருப்பாள்! "இது கெட்டுப்போகாது, சோதனை முடிஞ்சதும் தர்றேன்" என்றேன்.

முதல் ஞாயிறு மூடி வரையச் சொன்னேன். ஒரு நடுப்பெட்டி, மூன்று கிளை. அதோடு நின்றுவிட்டாள். பேனாவை வைத்துவிட்டு அழுதாள். நான் வெளியே போய் இரண்டு மைலோ வாங்கிவந்தேன். குடித்துவிட்டு, தானாகவே சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்தத் தாள் முழுக்கச் சிவப்பு.

இரண்டாம் வாரத்தில் கொமுட்டரில் வரும்போதே ஒரு பழக்கம் கண்டுபிடித்தாள். கிள்ளானில் ஏறியதும் ஒரு தலைப்பை நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு நிலையம் வரும்போதும் ஒரு கிளையை மனத்தில் வரைவாள். ஷா ஆலாம் தாண்டுவதற்குள் எத்தனை கிளை வந்தது என்று எண்ணுவாள். இறங்கி வகுப்புக்கு வந்ததும் அதைத் தாளில் போட்டுப் பார்ப்பாள். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டது.

ஐந்தாம் வாரத்தில் அவள் தாளில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு. படங்கள் முன்பு போல அழகாக இல்லை. கோடுகள் கோணல், எழுத்து கோழி கிளறியது மாதிரி. யாரும் அதைக் கைப்பேசியில் படம் எடுக்கவில்லை.

செஜாராவில் அவளுக்கு 'சி பிளஸ்' வந்தது. பெரிய மதிப்பெண் இல்லை, பத்திரிகையில் படம் வராது. ஆனால் சான்றிதழ் கையில் வந்தது. தாதியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள். நீலக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, "வேணாம் அண்ணா, புதுப் பிள்ளைங்களுக்கு எப்படி படிக்கக்கூடாதுன்னு காட்டுங்க" என்று சிரித்தாள். என்னால் அப்படிக் காட்ட முடியவில்லை. அது அவள் உழைப்பு. அந்த உழைப்பைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டவன் நான்தான் என்பதைச் சொல்லித்தான் இப்போது வகுப்பைத் தொடங்குகிறேன்.

இந்த மாதப் பயிற்சி

இதழை இங்கேயே மூடிவிட்டு ஒரு வெறும் தாளை எடுங்கள். நடுவில் 'மூடி வரை' என்று எழுதிப் பெட்டி போடுங்கள். இந்தக் கட்டுரையில் படித்ததைக் கிளை கிளையாக வரையுங்கள். படம் உதவுவதற்கு மூன்று காரணங்கள் என்ன? தேர் வடிவில் வரும் பாட்டு எது, யார் யார் பாடினார்கள்? திருமுறை ஆசிரியர் 27 பேர் எப்படி வந்தார்கள்? பிரிக்பீல்ட்ஸின் ஆறு கட்டங்கள் எவை? பிறகு இதழைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வருபவர்கள் அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். சிவப்பு அதிகம் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். என் தாளையும் கொண்டுவருகிறேன், சேர்ந்து பார்ப்போம்.